கப்பலேறிய டக்கெட்டுகளும் நானும்

அடுத்தவர் குடும்பத்தின் அடி நுனி விசாரிப்பது எங்கள் சனத்துக்குப் புதிய தொழில் இல்லை. அதைச் சம்பளத்துக்கும் செய்யலாம் என்பதைத்தான் நான் சிட்னிக்கு வந்து அறிந்தேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பாதி விளங்கும் இங்கிலீஷுமாக, எதற்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டி வேலை பார்க்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

தூசி தட்டப் போன இடம்

முதலில் நான் கோழி பொதி செய்கிற தொழிற்சாலையில் நின்றேன். விடிய ஐந்து மணிக்கு ஷிஃப்ட். நித்திரையில் கிடக்கும் மகளைப் போர்வையோடு தூக்கிக் காரில் போட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் இறக்கிவிட்டுப் போக வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை ஒவ்வொரு நாளும் வேறு ஆட்களின் வீட்டில் கண்விழித்தாள். பகல் வேலை ஒன்று கிடைக்காதா என்று நான் நேராத கோயில் இல்லை.

வாரத்தில் ஒருநாள் மட்டும் பெண்டில் ஹில்லில் மார்ஜரி என்ற அம்மாவின் வீட்டைத் துப்புரவாக்கப் போவேன். எழுபது வயது. கராஜுக்குள் மேசை போட்டு, இங்கிலாந்திலிருந்து முற்காலத்தில் கப்பலேறிப் போன குடும்பங்களின் பூர்வீகத்தைத் தேடிக் கொடுப்பது அவருடைய தொழில். கண் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. ஒருநாள் நான் தூசி தட்டும்போது கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு பழைய வேதக்கோயில் பதிவேட்டைக் காட்டி, "இதை வாசி" என்றார். கறையான் ஓடின மாதிரி எழுத்து. நான் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன், வெட்கமாக இருந்தது. அவர் கதிரையைத் திருப்பி என்னையே பார்த்தார். படித்தவர்கள் பாதி வாசித்ததும் மிச்சத்தை ஊகித்துவிடுகிறார்களாம். எனக்கு ஊகிக்கத் தெரியாது.

அன்றே வேலை தந்தார். பகல் பத்து மணி முதல் இரண்டு மணி வரை. பள்ளிக்கூடத் தவணை முடிந்து விடுமுறை விடுவதற்குள் ஒரு குடும்பத்தை ஒழுங்காகத் தேடி முடித்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் திரும்பவும் கோழிதான். எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று கண்டு அவரே சொன்னார்: "உனக்கு இங்கிலீஷ் சரியாக வராததுதான் உன்னுடைய பெரிய தகுதி, லவ்."

பூசை முடிந்த பிறகு

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் கேட்டார்கள், என்ன புது வேலை என்று. எப்படிச் சொல்வது? இருநூறு, முந்நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன வெள்ளைக்காரர் யார் யாருக்குப் பிள்ளை, எந்தக் கப்பலில் எங்கே போனார்கள் என்று பார்க்கிற வேலை என்றேன். சிலர் சிரித்தார்கள். சிலர் அரசாங்க வேலையாக்கும் என்று மரியாதையாகப் பார்த்தார்கள்.

கிரவீனில் இருக்கிற ரெஜினா அன்ரி மட்டும் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டுபோய்க் காதுக்குள் சொன்னார்: "செத்ததுகளைப் பிறகு தேடலாம் பிள்ளை. பேர்த்துக்குப் போறன் எண்டு போன என்ர மருமோனை ஒருக்காத் தேடித் தா, அவன் போன் எடுக்கிறானில்லை."

கள்ளன் இல்லாத வீடு

எனக்குத் தந்த குடும்பம் டக்கெட் குடும்பம். கேட்டு வந்தவர் கென் டக்கெட், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். பெரிய உடம்பு, சின்னக் கவலை. இந்த நாட்டு வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் களவெடுத்துப் பிடிபட்டு, தண்டனைக்காகக் கப்பலில் இங்கே அனுப்பப்பட்ட ஆள் ஒருவர் பரம்பரையில் இருந்தால் அது பெரிய கௌரவம். எங்கள் வீடுகளில் டாக்டர் இருப்பது மாதிரி. கென்னுடைய கிளப்பில் எல்லோருக்கும் ஒரு கள்ளன் இருக்கிறான். ஒருவருக்கு இரண்டு. கென்னுடைய கொள்ளுத்தாத்தாவோ சொந்தமாக டிக்கெட் வாங்கி வந்தவர்.

அதனால் அவர் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னார். அமெரிக்காவில் பிரெண்டா என்று ஒரு சொந்தம், எச்சிலைக் கொடுத்து இரத்த உறவு கண்டுபிடிக்கிற பரிசோதனையில் கிடைத்திருக்கிறாராம். அவருடைய ஆட்கள் இங்கிலாந்துக்காரன் அமெரிக்காவை ஆண்ட காலத்திலேயே ஹென்றி டக்கெட் என்ற கனவானின் வழியாக வர்ஜீனியாவில் குடியேறியவர்கள். தவணைக் கடைசியில் பிரெண்டா பத்தொன்பது பேரோடு சிட்னிக்கு வருகிறார். அதற்குள் அந்த ஹென்றியும் கென்னுடைய மூதாதையும் ஒரே ஊர், ஒரே வீடு, அண்ணன் தம்பி என்று நாங்கள் காட்ட வேண்டும். கென் எல்லாவற்றுக்கும் சம்மதம். போகும்போது கராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அப்படியே தேடும்போது, ஒரு சின்னக் கள்ளனாவது கிடைப்பானா?"

எந்தக் கிளை?

பிரெண்டாவோடு வீடியோவில் பேச்சு. மார்ஜரி தேநீர் போடக் குசினிக்குப் போன நேரம் பார்த்து அந்த அம்மா திரையில் வந்துவிட்டார். நான் அலுமாரிக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன், முடியவில்லை. கழுத்தில் சிங்கம் பொறித்த சங்கிலி. பின்சுவரில் சிங்கம் போட்ட கேடயம். ஒன்றுகூடலுக்கு எல்லோருக்கும் சிங்கம் போட்ட டீஷர்ட் அடிக்கிறாராம்.

"நீ எந்தக் கிளை?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "யெஸ்" என்றேன். "தம்பியின் கிளையா?" "யெஸ்." மார்ஜரி தேநீரோடு வந்து சேர்வதற்குள் நான் ஒரு டக்கெட் ஆகிவிட்டேன். அடுத்தநாள் என்னுடைய டீஷர்ட் அளவு கேட்டு மெயில் வந்தது. ஆனால் அவர் கேமராவுக்குக் கிட்ட வந்து என்னை உற்றுப் பார்த்துச் சொன்னதைத்தான் என் கணவர் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்: "எங்கள் குடும்ப மூக்கு உனக்கு அப்படியே இருக்கிறது, ஹனி."

செத்த பிறகு பதினொரு பிள்ளைகள்

இங்கிலாந்தில் அந்தக் கிராமத்துக் கோயில் பதிவேட்டில் ஹென்றியின் ஞானஸ்நானம் மூன்றாம் நாளே கிடைத்தது. தகப்பன் பெயர், தாய் பெயர் எல்லாம் சரி. அதே வீட்டில் பிறந்த தம்பிதான் கென்னுடைய மூதாதை. மார்ஜரி எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தார். பிரெண்டாவுக்கும் கென்னுக்கும் உடனே செய்தி போனது. பிரெண்டாவின் ஆட்கள் சிட்னிக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டார்கள்.

எனக்கு ஒரு பழக்கம், ஆரம்பித்த புத்தகத்தைக் கடைசிவரை பார்க்க வேண்டும். இரண்டு வருடம் தள்ளி அடக்கம் செய்தவர்களின் பட்டியல் வந்தது. அதில் ஹென்றி. அதே தகப்பனின் மகன். பிள்ளைக்கு இரண்டு வயது. பிரெண்டாவின் கணக்கில் இந்தப் பிள்ளைதான் பத்தொன்பது வயதில் கப்பலேறி, வர்ஜீனியாவில் கலியாணம் கட்டி, பதினொரு பிள்ளை பெற்றிருக்கிறது.

நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் சந்தோசமாக இருக்கிற கென் கோபித்துக்கொண்டு போவார். அவர் போனால் என் வேலை போகும். வீட்டில் கணவர் அன்ரனியிடம் சொன்னேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக் களைத்து வந்த மனிதர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "செத்த பிறகு பதினொண்டோ? ஆள் கெட்டிக்காரன்தான். நீ பேசாம இரு, இல்லாட்டி விடியக் காலமை நித்திரையில கிடக்கிற பிள்ளையைத் திருப்பியும் தூக்கிக்கொண்டு ஓடவேணும்."

நானும் செத்தவள்தான்

இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் எனக்கு ஒரு கதை இருக்கிறது. அம்மாவுக்கு முதல் பிறந்த பெண் பிள்ளைக்கு, செபஸ்தியாருக்கு நேர்ந்தபடி, செபஸ்தியம்மா என்று பெயர் வைத்தார்கள். ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டது. பிள்ளை போனாலும் நேர்த்தி நிற்கிறதல்லவா, அடுத்துப் பிறந்த எனக்கும் அதே பெயர். மன்னாரில் எங்கள் கோயில் பதிவேட்டில் ஒரே தாய் தகப்பனுக்கு இரண்டு செபஸ்தியம்மா. நாட்டில் நடந்த சண்டையில் என் பிறப்புப் பத்திரம் தொலைந்து போனதால், விசாவுக்குக் கோயில் பதிவைக் கேட்டோம். கோயில் சுவாமி நல்ல மனதோடு இரண்டையும் அனுப்பிவிட்டார், இறந்த திகதியோடு. விசாரணையில் இருந்த அதிகாரி கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் போனில் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்: "அம்மா, நீங்கள் இறந்ததை ஏன் படிவத்தில் எழுதவில்லை என்று கேட்கிறார்."

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, பிறகு நிறையச் சிரித்திருக்கிறோம். ஆனாலும் அந்த அக்காவின் பெயரில் யாராவது என் கலியாணத்தையும் என் பிள்ளையையும் எழுதிவிட்டால், அவள் ஒன்றரை வருடம் இருந்தாள் என்பதே இல்லாமல் போய்விடும். ஹென்றிக் குஞ்சும் அப்படித்தானே. மூன்றாம் நாள் மார்ஜரிக்குப் பக்கத்தில் போய் நின்று, திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். "இது செத்த பிள்ளை. இதே பெயரில் பிறகு ஒன்று பிறந்திருக்கும். நானும் அப்படிப் பிறந்தவள்தான்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் என் கதையையும் சொன்னேன்.

மார்ஜரி திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய் அந்த வரியைப் பார்த்தார். அந்த வழக்கம் அவருக்குத் தெரியாததல்ல. கண் தெரியாததால், முதலில் கிடைத்த ஹென்றியோடு திருப்திப்பட்டுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருடமாகச் செத்தவர்களைத் தேடுகிறேன்" என்றார். "ஒருத்தியே நேரில் வந்து சாட்சி சொன்னது இதுதான் முதல் தடவை."

பாதிரியாரின் விக்

இரண்டாவது ஹென்றி நாலு வருடம் தள்ளி அதே பதிவேட்டில் இருந்தான். நல்ல சுகதேகி. பத்தொன்பது வயதில் அவன் பெயர் அடுத்ததாக வந்த இடம் கோர்ட்டுக் கடதாசி. பாதிரியார் வீட்டுக்குள் பூந்து ஒரு முழுச் சீஸையும், பாதிரியார் தலையில் போடுகிற விக்கையும் எடுத்திருக்கிறான். பிடிபடும்போது விக் இவன் தலையில் இருந்ததாம். சீஸ் எங்கே இருந்தது என்று எழுதவில்லை. தண்டனை, ஏழு வருடம் கடல் கடந்து வேலை. ஆஸ்திரேலியாவுக்கு ஆள் அனுப்பத் தொடங்குவதற்கு முன்னர் இங்கிலாந்து தன் கள்ளரை அமெரிக்காவுக்குத்தான் அனுப்பியதாம். கப்பல் போய்ச் சேர்ந்தது வர்ஜீனியாவில், பிரெண்டா சொன்ன அதே ஆற்றங்கரைக்கு.

மார்ஜரி முதலில் பிரெண்டாவைக் கூப்பிட்டார். நான் அலுமாரிக்குப் பின்னால் முழந்தாளில் இருந்து செபமாலை உருட்டினேன். கனவான் இல்லை, கள்ளன் என்று மார்ஜரி பக்குவமாகச் சொல்லி முடித்தார். பிறகு பிரெண்டா மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "எங்களுக்கு அந்த இரண்டு வயதுக்காரரே போதும்."

கென் கேட்ட நியாயம்

கென்னைக் கராஜுக்கே வரச் சொன்னோம். காசு கொடுத்துத் தேடச் சொன்ன ஆள் அவர்தான். அவர் எழும்பிப் போனால் நானும் எழும்ப வேண்டியதுதான். பெரிய எழுத்தில் அடித்து வைத்த கோர்ட்டுக் கடதாசியை மார்ஜரி வாசிக்க வாசிக்க அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. விக் வந்த இடத்தில் கண்ணைத் துடைத்தார். கோபமாக்கும் என்று நான் துடைப்பத்தைத் தேடினேன், அதுதான் என் பழைய வேலையாயிற்றே.

கோபம்தான், ஆனால் எங்களோடு இல்லை. மேசையில் தட்டிச் சொன்னார்: "இவன் எங்களுக்கு வரவேண்டிய கள்ளன். அமெரிக்காக்காரன் கொண்டுபோய்விட்டான்."

சிங்கமும் சீஸும்

ஒன்றுகூடல் ஸ்ட்ராத்ஃபீல்ட் பக்கம் ஒரு பூங்காவில் நடந்தது. டிக்கெட் போட்டாயிற்று என்பதால் பிரெண்டாவின் ஆட்கள் வந்துதான் ஆக வேண்டியிருந்தது. பிரெண்டாவும் அந்தப் பத்தொன்பது பேரும் சிங்கம் போட்ட டீஷர்ட். கென்னின் ஆட்கள் வேறு டீஷர்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். முன்பக்கம் சீஸ், அதற்கு மேல் விக். இரண்டு கூட்டமும் புல்வெளியின் இரண்டு பக்கத்தில் நின்று ஒன்றையொன்று பார்த்தன. எங்கள் ஊரில் பெருநாளுக்கு இரண்டு பங்குக் கோயில்காரரும் பந்தல் போட்டு முறைப்பது மாதிரி. மத்தியானம் சொசேஜ் சுட்டு முடிவதற்குள் அமெரிக்க இளசுகள் ஒவ்வொன்றாகக் கென்னிடம் போய் விக் டீஷர்ட் மிச்சமிருக்கிறதா என்று கேட்டுவிட்டன. நாலு மணிக்குச் சிங்கத்தோடு நின்றவர் பிரெண்டா மட்டும்தான்.

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மார்ஜரி வந்து, அடுத்த தவணைக்கு இரண்டு புதுக் குடும்பம் வந்திருக்கிறது, நேரத்துக்கு வந்துவிடு என்று, உப்பை எடுத்துத் தா என்பது மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த கண்ணீரை வெங்காயத்தில் போட்டுச் சமாளித்தேன். அந்த நேரம் பார்த்துப் பிரெண்டா பக்கத்தில் வந்து நின்றார். அங்கேயும் இங்கேயும் பார்த்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்த விக் நல்ல விலையான விக்காகத்தானே இருந்திருக்கும்?"

நான் வழக்கம்போல "யெஸ்" என்றேன். ஒரு விக் கள்ளனின் புண்ணியத்தில் என் மகள் இப்போது ஏழு மணிவரை தன் கட்டிலிலேயே நித்திரை கொள்ளும்போது, அவனுடைய விக்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வருமா?