நாற்பத்தொரு கோடுகள்

பிள்ளை பார்க்கிற வேலையில், பிள்ளை விழுவதற்கு முன்பே நம் உயிர் ஒரு தடவை விழுந்து எழுந்துவிடும். அந்த வேலை பார்ப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாலக்கரையில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருந்தேன். அறுபதுகளில் ஒரு வருஷம், மனோதத்துவம் படித்த ஒரு அம்மாளை மெட்ராஸிலிருந்து வரவழைத்தார்கள். பரீட்சை பிள்ளைகளுக்கு இல்லை, எங்களுக்கு. தேறாதவர்கள் பிள்ளைகளை விட்டு அடுப்படிக்குப் போக வேண்டும் என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மை கொட்டிய அட்டை

முதல் நாள் அந்த அம்மாள் ஒரு அட்டையை நீட்டி, "இதுல என்ன தெரியுது, சொல்லுங்க" என்றார். நடுவில் மை கொட்டி, இரண்டு பக்கமும் ஊறியிருந்தது. எனக்குப் பகீர் என்றது. பழி என் மேல்தானே வரும்? "நான் தொடலீங்க. எலுமிச்சம்பழமும் உப்பும் வச்சுத் தேச்சா போயிடும், குடுங்க" என்று கையை நீட்டினேன். அவர் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

சமையல் பார்க்கும் மரியம்பீயிடம் போய்ப் புலம்பினேன். வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமலே அவள் சொன்னாள்: "தேய்க்கணும்னு அவ்வளவு ஆசைன்னா இங்க வாங்கக்கா, அண்டா காத்துக்கிட்டிருக்கு."

பென்சில்

மறுநாள் அந்த அம்மாள் மணல் திடலின் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் என்னையே பார்த்து நோட்டில் கோடு போட்டார். எண்ணினால் நாற்பத்தொன்று. நான் "விழுந்துடுவே" என்று கத்தியது அத்தனை தடவையாம். அதில் ஒரு கோடு, அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தபோது நான் பதறியதற்கு!

"உங்க பயத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுறீங்க. திங்கட்கிழமை மறுபடியும் பார்ப்பேன், குறைச்சுக் காட்டுங்க" என்றார். குறைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பெரிய டீச்சர் பதில் சொன்னார்: "ஒத்தாசைக்கு ஆள் வேணும்னு மரியம்பீ ரொம்ப நாளா கேக்குறா."

கிராம்பு

காந்தி மார்க்கெட்டில் கிராம்பு வாங்கினேன். அந்த வார்த்தை வாயில் வரும்போதெல்லாம் ஒன்றைக் கடித்தால் நாக்கு மரத்துவிடும். என் வீடு இருக்கும் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறும்போதே ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை அரை மணி ஆகியும் ஒரு கோடுகூட இல்லை. அப்போதுதான் நாலு வயது அமலி சறுக்குமரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தாள். சறுக்கவில்லை. என்னையே பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஏணியில் ஐந்து பிள்ளைகள் நெருக்கினார்கள். கடைசிப் பையனின் கால் படியில் தடுமாறியது. "வா கண்ணு" என்று அந்த அம்மாள் கூப்பிட்டும் அமலி அசையவில்லை. அடுப்படியே கண் முன்னால் வந்து நின்றது. வந்தால் வரட்டும் என்று கிராம்பைத் துப்பிவிட்டு ஓடினேன். "விழுந்துடுவே! கெட்டியாப் பிடிச்சுக்க!" சர்ரென்று இறங்கிவிட்டாள். மற்ற ஐந்து பேரும் அதே மாதிரி, ஆளுக்கு ஒரு "விழுந்துடுவே" வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆறு கோடு.

"ஏன்டா செல்லம் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தே?" என்று அந்த அம்மாள் கேட்டார். அமலி பாவாடையில் மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "ஆயா கத்தலேன்னா, ஆயா என்னைப் பார்க்கலேன்னு அர்த்தம்."

பிள்ளைக்கு ஒரு தடவை மட்டும் கத்தலாம் என்று எழுதிக் கொடுத்து, சறுக்குமரத்தையும் என் பொறுப்பிலேயே விட்டுவிட்டு அந்த அம்மாள் மெட்ராஸுக்கு ரயிலேறினார். வாயை மூடும் பரீட்சையில் தோற்றதால் வேலையில் தேறியவள், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.