அடுத்த வண்டி போட்ட போர்

திருச்செங்கோட்டில் எனக்கு போர்வெல் போடும் ரிக் லாரித் தொழில். இன்னொரு வண்டி போட்ட போர்வெல்லில் ஏதாவது சிக்கிக்கொண்டால், யார் கூப்பிட்டாலும் போகமாட்டேன். உள்ளே இருப்பது போட்டவனுக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்ட நான், பாங்காக் டூர் போன இடத்தில், தாடையில் ஸ்க்ரூ இறக்கி இரண்டு பல் இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ள முடிவெடுத்தேன்.

"ஊட்டுக்கு வந்தப்பறம் வலிச்சா ஆருகிட்டப் போவீங்க?" என்றாள் மனைவி. சிரித்தேன்.

ஊர் திரும்பியும் கீழுதட்டின் மரப்பு போகவில்லை. ஈறில் சீழ் கட்டியது. அங்கே வைத்த டாக்டர் போனை எடுக்கவே இல்லை. மனைவியோடு நாமக்கல் பல் டாக்டரிடம் ஓடினேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"ஸ்க்ரூ நரம்பை ஒட்டி நிக்குதுங்க. என்ன கம்பெனின்னும் தெரியல. வேற ஆள் வெச்சதுல நான் கை வைக்கமாட்டனுங்க."

என்னைத் தேடி வரும் விவசாயிகளிடம் நான் சொல்லும் அதே பதில். கெஞ்சுவதற்கு வாயைத் திறந்தேன். உதட்டோரம் எச்சில் வழிந்தது, மனைவி துடைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.