கரீமின் பேரீச்சம்பழம்

விடுதி நண்பர்களே, இன்று சாயங்காலம் நடந்ததை நானே இந்தப் பலகையில் எழுதிவிடுகிறேன்.

நாளை இன்டர்மீடியட் பரீட்சை. பயம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. இங்கிலீஷ் பாடத்தை உருப்போட்டபடியே மேஜைமேல் இருந்த பேரீச்சம்பழங்களைத் தின்றுகொண்டிருந்தேன்.

மசூதியில் பாங்கு சொன்னார்கள். அறைத்தோழன் கரீம் நோன்பு திறக்கக் கை நீட்டினான்.

தட்டில் கொட்டைகள்தான் இருந்தன. ஆம்பூரிலிருந்து அவன் அம்மா அனுப்பிய பழங்கள்.

தண்ணீரைக் குடித்து நோன்பு திறந்தான்.

"இன்னாப்பா, பயம் ரொம்ப ஜாஸ்தியா?"

"உனக்கும் நாளைக்குத்தானே பரீட்சை?" என்றேன்.

"ஆமா. எனக்குப் பயத்துல பசியே எடுக்கல, வுடு."

சொல்லி முடிப்பதற்குள் அவன் வயிறு இரைந்தது. இருவருக்கும் கேட்டது.

யாரிடமாவது பேரீச்சம்பழம் இருந்தால் கொடுங்கள். என்னிடம் வேண்டாம், அவன் கையிலேயே கொடுங்கள்.