மல்லாக்கப் போட்ட குட்டிகள்

நேற்று கரையான்சாவடியில் மாத்திரை வாங்கப் போன கடையில், பூனைக்குட்டிக்குப் பால் புகட்டும் சின்ன பாட்டில் ஒன்று தொங்கியது. அட்டைப் படத்தில் குட்டி குப்புறப் படுத்து, தலையை மட்டும் தூக்கிக் குடிக்கிறது. இதற்கெல்லாம் தனி பாட்டிலா என்று சிரிக்கத்தான் பார்த்தேன். சிரிப்புக்குப் பதில் கன்னியம்மா அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

நூம்பலில் நான் குடியிருந்த போர்ஷனின் ஓனரம்மா அவர். நெல் விளைந்த சொந்த நிலத்தில் வரிசையாகப் போர்ஷன் கட்டி விட்டிருந்தார்கள். கல்யாணமாகாத எனக்கு வீடு கிடைத்ததே அக்கா தயவில்தான். அந்த வரிசையில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் அவர்தான் குளிப்பாட்டுவார். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் மல்லாக்கப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டி, பாலாடையில் பால் புகட்டித் தூங்க வைத்துவிட்டுத்தான் எழுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைக்கிற சாக்கில் நானும் வேடிக்கை பார்ப்பேன். வீறிட்டு அழுகிற குழந்தையும் அவர் கைக்குப் போனதும் அடங்கிவிடும். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. குட்டிகள் கண் திறந்த சமயம், தாய் தண்ணி லாரியில் அடிபட்டுச் செத்தது. பசியில் அவை கத்தின கத்தலில் எங்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அக்காதான் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து, பாலாடையை எடுத்துக் காலை நீட்டினார். பூனைக்கும் இப்படித்தானா என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

"மூணு புள்ள வளத்தவ, எனுக்குத் தெரியாதா? நீ போய் உன் சோத்த வடி."

போய்ப் பார்த்தேன், சோறு குழைந்திருந்தது.

மறுநாள் ஒரு குட்டி மூக்கில் பால் வழியச் செத்தது. சாயங்காலம் இன்னொன்று. பட்டினியில் நொந்துபோய்விட்டன, இன்னும் குடிக்க வைக்க வேண்டும் என்று மூன்றாவதற்கு அடிக்கடி புகட்டினார். அதற்கும் மூச்சு கரகரத்தபோது, துண்டில் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

எப்படிப் பால் கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, குட்டியை மல்லாக்கப் போட்டுக் காட்டினார். கொஞ்சம் பெருமையாகவே காட்டினார். டாக்டர் குனிந்து குட்டியைத் திருப்பிக் குப்புற வைத்தார். மல்லாக்கக் கிடந்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், முதலில் உடம்பைச் சூடாக்கி, இப்படிக் குப்புற வைத்துச் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார். குரலில் கோபமே இல்லை.

"அப்போ அதுங்க ரெண்டும் பசியால சாவலியா?" என்றார் அக்கா.

டாக்டர் ஊசி எடுக்கத் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது பிழைத்தது. நான்தான் வளர்த்தேன். அது என்னை விட்டுவிட்டு அக்கா காலைத்தான் தேடிப் போய் உரசும். அவர் காலை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொள்வார்.

அதன்பிறகு பக்கத்துப் போர்ஷனில் குழந்தை பிறந்தபோது முழங்கால் வலி என்று மறுத்துவிட்டார். அன்றைக்குக் காலையில்கூட மாடியேறி வடகம் காயவைத்தவர். பொறுக்காமல் கேட்டேன்.

"இந்தக் கைய எனுக்கே நம்ப முடில, நைனா."

எனக்கு அழுகை வந்தது. வேறு பேச்சு பேசிச் சமாளித்தேன்.

அந்தப் போர்ஷன்களை இடித்து இப்போது அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, ஒழுகுகிற வீடுதான். அந்த வீடுகள் நின்ற காலத்திலேயே போய்விட்ட ஒன்று இருக்கிறது. அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்தபோது, கூலிக்கு ஓர் அம்மாள் வந்து பேத்தியைக் குளிப்பாட்டினாள். அக்கா வெந்நீர் மட்டும் காய்ச்சிக் கொடுத்தார். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. அவர் வாசலிலேயே நின்று, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டார்.