மேசைக்குப் பேர் வெட்டிய நாள்

எங்கள் அம்மா ஒரு மேசை வாங்கினாள் என்றால், இதென்ன பெரிய விஷயம் என்பீர்கள். எனக்கு அது திருவிழா! தாராவியில் பத்துக்குப் பத்து வீட்டில் மேசை என்ற பொருளே கிடையாது; சாப்பாடு, வீட்டுப்பாடம், தூக்கம் எல்லாம் தரையில்தான். அதிலும் இது சாதாரண மேசையா? ஆறடி நீளம், முழுக்க முழுக்க எவர்சில்வர்!

செம்பூரில் ஓர் ஆபீஸ் கேன்டீனை எடுத்து நடத்த அம்மா ஒரு மாதமாக நடையாய் நடந்துகொண்டிருந்தாள். ஐந்து வருஷம் இட்லி அவித்துத் தெருவில் விற்றவளுக்கு அது எவ்வளவு பெரிய ஏற்றம் என்று எனக்குத் தெரியாது. கேன்டீன் என்றால் தினமும் ஜிலேபி என்பது மட்டும் தெரியும். கேன்டீன் மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். மரப்பலகை ஆகாது, ஈரம் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். சனிக்கிழமைக்குள் நல்ல ஸ்டீல் மேசை வந்தால் கேன்டீன் அம்மாவுக்கு; இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. அப்பா தோல் பட்டறைக்குக் கிளம்பும்போது, “பலகைல செஞ்சா இட்லி வேவாதாக்கும்?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை காலையில் அம்மா, மாமா, நான் மூன்று பேரும் மேசைக் கடைக்குப் புறப்பட்டோம். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். “எக்கா, நீ பேசாம இரி. காந்தம் ஒட்டுனா டூப்ளிகேட்டு, ஒட்டலன்னா அசல். அம்புட்டுதான்” என்றார்.

கடையில் நுழைந்ததும் முதல் மேசையிலேயே காந்தம் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. “பாத்தியா, பாத்தியா!” என்று மாமா குதித்தார். நானும் எதற்கென்றே தெரியாமல் குதித்தேன். அடுத்த மேசையில் ஒட்டவில்லை. “இதான் அசலு, தூக்கச் சொல்லு” என்றார்.

கடைக்காரர் காயல்பட்டினம் பக்கத்து பாய். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“தம்பி, காந்தத்த மட்டும் நம்பிட்டுப் போனா ஏமாந்துருவிய. ஒட்டாத ரகத்துலயும் துருப்பிடிக்கிறது உண்டு. உப்பும் புளியும் பொளங்குற எடத்துக்கு முந்நூத்தி நாலு நம்பர் தகடுதான் சரி. பில்லுலயே நம்பர எளுதித் தாறேன்.”

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. அம்மாவோ இருவரையும் கண்டுகொள்ளவே இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள்! ஒட்டு வைத்த இடங்களில் பிசிறு இருக்கிறதா என்று விரலை ஓட்டினாள். வெளியே வந்து மேல்தகட்டின் நடுவில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினாள். காலைப் பிடித்து ஆட்டினாள். ஆறு மேசையைத் தள்ளி ஏழாவதில் வந்து நின்றபோது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் தீபாவளிக்குக்கூடப் பார்த்ததில்லை.

“எப்பிடிப் பாத்துக்கிடணும் பாய்?” என்று கேட்டாள்.

“இரும்பு நார் போட்டுத் தேய்ச்சிராதிய தங்கச்சி, கீறுன எடத்துல துரு வந்துரும். சோப்புத் தண்ணியில துணிய நனைச்சு, தகட்டுல கோடு எப்பிடிப் போகுதோ அப்பிடியே தொடைக்கணும். உப்புத் தண்ணி நிக்கப்பிடாது.”

அம்மா ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. “பேரு வெட்டித் தருவியளா?”

“மேசைக்கா? மேசைக்கு யாரும்மா பேரு வெட்டுவா?”

“எங்க ஊர்ல கரண்டிக்கே வெட்டுவோம். இம்புட்டுப் பெரிய சாமானு, சும்மா விட முடியுமா?”

கடையில் பேர் வெட்டும் பையா வடக்கத்திக்காரர். தமிழ் தெரியாது, தாளில் எழுதிக் கொடுத்தால் அதைப் பார்த்து அப்படியே புள்ளி குத்துவார். தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, கையெழுத்தில் முதல் பரிசு வாங்கியவள், நான் விடுவேனா? “நான் எளுதுதேன், நான் எளுதுதேன்!” என்று தாளைப் பிடுங்கிக்கொண்டேன்.

“நம்ம பேர எளுதிக் குடுட்டி. அளகா எளுதணும்” என்று சொல்லிவிட்டு அம்மா, மாமாவோடு டெம்போ பிடிக்க வெளியே போனாள்.

நம்ம பேர். அதிலென்ன சந்தேகம்? எங்கள் வீட்டுக் குடம், போகிணி, டம்ளர் எல்லாவற்றிலும் ஒரே பேர்தான் இருந்தது. அதையே நாக்கைத் துருத்திக்கொண்டு குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தேன். மிஷின் ‘டர்ர்ர்’ என்று கத்திக்கொண்டு மேசையின் முன்விளிம்பில் குத்தக் குத்த, என் எழுத்து அப்படியே எவர்சில்வரில் எழுந்து வந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குமேல் அட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள்.

டெம்போவின் பின்னால் மேசையைப் பிடித்துக்கொண்டு செம்பூர் வரைக்கும் நின்றே போனோம். என்ன காற்று, என்ன குலுக்கல்! சிக்னலில் நின்ற ஆட்டோக்காரர்களுக்கெல்லாம் கையாட்டினேன்.

கேன்டீனில் அட்டையைப் பிரித்ததும் அம்மா முன்விளிம்பைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி, விரலால் தடவித் தடவி வாசித்தாள். கடைசி எழுத்து வந்தபிறகும் விரல் அங்கேயே நின்றது.

“நாந்தான் எளுதுனேன்! அளகா இருக்கா?”

“இருக்குட்டி” என்றாள்.

மேனேஜர் வந்து மேசையைத் தட்டினார், அசைத்தார், குனிந்து அடியில் பார்த்தார். “படியா!” என்று இந்தியில் மெச்சினார். மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கேன்டீன் எங்களுக்குத்தான்! மேனேஜர் அந்த எழுத்தைக் காட்டி யார் பேர் என்று இந்தியில் கேட்டார். மாமா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். “மேரே பப்பா கா நாம்!” எங்க அப்பா பேர் என்று!

“அச்சா, முதலாளி அவரா? அப்ப திங்கட்கிழமை வந்து அவரையே சைன் பண்ணச் சொல்லு” என்றார் மேனேஜர்.

அம்மா மேசையிலிருந்து கையை எடுத்தாள். “சாப், காம் மை கரேகா. சைன் பீ மைச் கரேகா” என்றாள். வேலையும் நான்தான் செய்வேன், கையெழுத்தும் நான்தான் போடுவேன் என்று! மேனேஜர் அந்தப் பேரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பா பேர் அவ்வளவு பளபளப்பாக இருக்கும்போது இவள் ஏன் குறுக்கே பேசுகிறாள்?

மாமா அங்கேயே சாமான்களை இறக்க நின்றுவிட்டார். நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அம்மா, பக்கத்தில் நான். கொஞ்சதூரம் போனபிறகு கேட்டாள்.

“ஏட்டி, என் பேரு எளுதத் தெரியுமா ஒனக்கு?”

தெரியாமல் என்ன? நாலே எழுத்து. அவள் மடிமேல் சாய்ந்து, ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த தூசியில் விரலால் எழுதிக் காட்டினேன். “ஒரு தப்பு கூட இல்ல, பாத்தியா?” என்றேன்.

“இல்லட்டி, தப்பே இல்ல.”

சயானில் இறங்கும்வரை அம்மா அந்தக் கண்ணாடிப் பக்கம் சாயவே இல்லை. பஸ் குலுங்கும்போதெல்லாம் முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். சேலையில் தூசி ஒட்டிவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.