கால் வெட்டிய சீர் மேஜை

தேக்குத் தூளின் வாசம் எங்கே அடித்தாலும், பட்டாபிராம் வீட்டில் அம்மாவின் கல்யாணச் சீராக வந்த மேஜையின் காலை அப்பா ரம்பத்தால் அறுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு ஞாபகம் வரும்.

அம்மா வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து, காலேஜ் பிள்ளைகளுக்கு "பிராஜெக்ட்" டைப் அடித்துக் கொடுத்தாள். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை விரல் ஓயாது. மேஜையோ சாப்பிடுவதற்கென்று செய்த உயர மேஜை. தோளைத் தூக்கி, மணிக்கட்டை மடித்து அடித்தே கை வீங்கி, ஈரத்துணி பிழியக்கூட முடியாமல் போயிற்று. டாக்டர் டைப்பிங்கையே விடச் சொன்னார். "அத்த உட்டுட்டு நான் இன்னா பண்ணுவேன்?" என்று அம்மா அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை, பயந்துபோனேன்.

அப்பா ஆவடியில் ஒரு பேக்டரியில் லேத் வேலை. அங்கே குள்ளமான ஆளென்றால் காலடியில் பலகை போட்டுத்தான் மிஷினில் நிறுத்துவார்களாம். "மிஷினுக்காக ஆள வளைக்கக் கூடாது" என்று முணுமுணுத்தபடி, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் முழங்கை மட்டத்துக்கு மேஜை வருமாறு அதன் காலில் சாக்பீஸால் கோடு போட்டு அறுத்தார். வெட்டிய துண்டுகளை மானிட்டருக்கு அடியில் கொடுத்து, அதைக் கண்ணுக்கு நேராக ஏற்றினார்.

பொங்கல் சீரோடு வந்த பாபு மாமா, அம்மாவின் அண்ணன், மேஜையைப் பார்த்ததும் கரும்பை வாசலிலேயே போட்டுவிட்டார். பிறந்த வீட்டுச் சீரில் ரம்பம் வைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? "இன்னா மாப்ள, எங்கூட்டு சீரு கால வெட்டிகினு குந்தினு கீறீங்க?"

அம்மாதான் டைப் அடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "நீ குடுத்த மேஜ முழுசா இருக்கணும்னா என் கை போவணும். உனுக்கு எது ஓணும், சொல்லுண்ணா."

மாமா அன்று கை நனைக்காமலே போய்விட்டார். அம்மாவின் வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. எங்கள் தெருவில் இன்னும் பல வருஷம் அவள் விரல் சத்தம் கேட்டது. அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்றும் தலை நிமிர்ந்துவிடும்.

பெட்டி மானிட்டர் போயிற்று, காகிதக் கட்டோடு வாசலில் நிற்கும் பிள்ளைகளும் இல்லை. நெமிலிச்சேரியில் நானும் நாள் முழுக்கக் கீபோர்டில்தான். நான் டைப் அடிக்கும் இந்த மேஜை என் கல்யாணத்துக்கு மாமா செய்த சீர். அதற்கு ஆசாரியைக் கையோடு கூட்டிவந்து, "குந்து பாப்பா" என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கைக்கு நேராக டேப்பைப் பிடித்துச் சொன்னார்:

"இதுக்கு மேல ஒரு நூலு ஏறக் கூடாது ஆசாரி. ஏறுச்சுன்னா எங்க மாப்ள ரம்பத்தோட வந்துடுவாரு."