ஆர்க்கைவில் கிடந்த கங்கா

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது இருங்காட்டுக்கோட்டையில், பட்டப்பகலில், மாரிசெல்விக்கு நடந்தது.

மாரிசெல்வியும் கங்காவும் ஒரே வாடகை அறையில் இருந்தார்கள். மாரிசெல்விக்குக் காலை ஷிஃப்ட், கங்காவுக்கு நைட். முகம் பார்த்துக்கொள்வதே ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாளெல்லாம் மெசேஜில்தான் குடித்தனம். 'யக்கா, பால் காய்ச்சிட்டேன்', 'யக்கா, பல்லி வந்துட்டு'... கங்கா ஓயமாட்டாள். மாரிசெல்விக்கோ ஃபோன் துடைத்துவைத்ததுபோல இருக்க வேண்டும். வீட்டாரும் கம்பெனி குரூப்பும் மேலே. தொணதொணப்பவர்கள், மெசேஜ் வந்தாலும் கண்ணில் படாத ஆர்க்கைவில். கங்காவையும் அங்கே தள்ளிவிட்டு நிம்மதியாக இருந்தாள்.

அந்த வியாழக்கிழமை கங்காவுக்கு வீசிங் வந்து, பெர்மிஷன் போட்டு விடியுமுன்பே திரும்பிவிட்டாள். மாரிசெல்வி அப்போது மாடிக் குளியலறையில் இருந்தாள். கங்கா போர்வைக்குள் சுருண்டு தூங்கிப்போனாள். பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் மாரிசெல்வி போர்வையைத்தான் பார்த்தாள், ஆளைப் பார்க்கவில்லை. தினமும் செய்வதுபோலவே வெளியே பூட்டிவிட்டுப் போனாள்.

கம்பெனிக்குள் ஃபோன் கூடாது. அணைத்து, கேட் லாக்கரில் கொடுத்தாள். சாயங்காலம் அதை எடுத்துத் தந்த செக்யூரிட்டி ரத்தினம் முகம் சுளித்தார்.

"இன்னாம்மா, ஃபோனு இப்டி கொதிக்குது?"

கொதிக்கத்தான் செய்தது. அணைத்த ஃபோன்... ஆன் ஆகியிருந்தது. திரையில் புது மெசேஜ் எதுவும் இல்லை.

அறைக்கு வந்து பூட்டைத் திறந்தாள். கதவு நகரவில்லை. தள்ளினாள்... உள்ளே ஏதோ கனமாக இடித்தது.

கங்கா. உடம்பு சில்லிட்டிருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகுதான் ஆர்க்கைவைத் திறந்தாள்.

'யக்கா, பூட்டிட்டியளே.'

'மூச்சு முட்டுது.'

'சரிக்கா. வேற யாரையும் கூப்பிடல.'

எதற்குச் சரி? இவள் பதிலே போடவில்லையே!

பாவி, நானே கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பயம் வந்தது. யாராவது பார்த்துவிட்டால்? அத்தனையையும் அழித்தாள்.

காரியம் முடிந்து, கங்காவின் துணிமணிகளை எடுக்க அண்ணன் வேல்ராஜ் வந்தான். கையில் தங்கையின் ஃபோன்.

"வாறேன், வாறேன்னு போட்டிருக்கியளே யக்கா. அத நம்பித்தான யாரையும் கூப்பிடாம கெடந்திருக்கா. ஏன் வரல?"

மாரிசெல்வி திரையைப் பார்த்தாள். அவள் நம்பர். அவள் படம்.

'வேற யாரையும் கூப்பிடாத. வந்துகிட்டே இருக்கேன்.'

"நான் அனுப்பல..."

"அப்பம் அவ அனுப்புனதயாவது பாத்தியளா?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"பாக்கல தம்பி. பாக்கவே இல்ல."

வேல்ராஜ் திரையைத் தள்ளிக்கொண்டே போனான். பிறகு கடைசியாக வந்திருந்ததைத் தட்டினான். காலை 10.05. வாய்ஸ் மெசேஜ். அந்த நேரம் மாரிசெல்வி கம்பெனிக்குள் லைனில் வேலையில் நின்றிருந்தாள்.

"அப்பம் இது யாரு?"

மாரிசெல்வியின் சொந்தக் குரல் பேசியது.

"கண்ண மூடிக்கோ கங்கா... அக்கா உள்ளதான் இருக்கேன்."